இசைத்தட்டில் ஒட்டிக்கொள்ளும் மின்சாரம்

வினைல் இசைத்தட்டில் நிலைமின்சாரம் பெரும்பாலும் முள் பட்டு வருவதில்லை. உறையிலிருந்து தட்டை உருவும்போதும் துணியால் துடைக்கும்போதும்தான் வருகிறது. தட்டு பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனது. காகிதம், கம்பளி, நைலான், மனிதத் தோல் என எதனோடு உரசிப் பிரிந்தாலும் அதன் எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்ளும் குணம் பி.வி.சி.க்கு உண்டு. பறித்ததை எளிதில் வெளியே விடவும் செய்யாது. அது மின்கடத்தாப் பொருள்.

மின்னேற்றம் பெற்ற தட்டு காற்றில் மிதக்கும் தூசியை இழுத்து வரிப்பள்ளங்களில் சேர்க்கும். பாட்டுக்கு நடுவே 'டப்' என்று வெடிக்கும். தட்டைத் தூக்கினால் அடியிலிருக்கும் துணி விரிப்பும் கூடவே எழும்பி வரும்.

நாமக்கல், சேலம் பகுதியில் இந்தத் தொல்லை பிப்ரவரி முதல் மே வரை உச்சத்தில் இருக்கும். கடற்காற்று எட்டாத சமவெளி இது. கோடைப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஈரப்பதம் இருந்தால் தட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். அதன் வழியாக மின்னேற்றம் கசிந்து போய்விடும். சுற்றுவட்டார நூற்பாலைகளுக்கு இது பழகிய சங்கதி. காற்று உலர்ந்தால் இழைகள் மின்னேறி ஒட்டும், நூல் அறும் என்பதால்தான் ஆலைகளில் ஈரப்பதம் ஏற்றும் இயந்திரங்கள் ஓடுகின்றன. பாட்டுக் கேட்கும் அறையில் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் போதும். 60-ஐத் தாண்டினால் அட்டை உறையில் பூஞ்சை பிடிக்கும். ஏ.சி. அறையில் காற்று இன்னும் உலரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எர்த் கொடுத்தால் தீராதா என்ற கேள்வி நாமக்கல்லில் இயல்பாகவே எழும். எரிவாயு டேங்கர் லாரிகளுக்குப் பேர்போன ஊர். சரக்கு இறக்கும் முன் டேங்கரை எர்த் கம்பியோடு இணைப்பது அங்கே ஓட்டுநர்கள் எல்லாரும் அறிந்த பாதுகாப்பு விதி. ஆனால் டேங்கர் உலோகம். எந்த இடத்தில் கம்பியை மாட்டினாலும் மின்னேற்றம் முழுவதும் இறங்கிவிடும். பிளாஸ்டிக் தட்டில் அது இருந்த இடத்திலேயே நிற்கும். பிளேயரின் எர்த் கம்பி ஸ்பீக்கரில் கேட்கும் 'உம்ம்' இரைச்சலைத்தான் போக்கும்.

பழைய 78 சுழற்சித் தட்டுகளில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' 1950-இல் வந்தபோது பாட்டுகள் அரக்குத் தட்டில்தான் வெளியாயின. அரக்கோடு கல்தூளும் கலந்த கனத்த தட்டு அது. 1976-இல் 'அன்னக்கிளி' வந்த காலத்தில் வினைல் நிலைபெற்றிருந்தது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ரேடியோ செட்காரர்கள் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஓட்டிய தட்டுகளில் பல இன்றும் வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் கேட்கும் சத்தமெல்லாம் நிலைமின்சாரம் அல்ல. எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 'டப்' அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது கீறல், அதற்கு மருந்தில்லை. ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் தூசியோ நிலைமின்சாரமோதான் காரணம்.

முதல் செலவு உள்ளுறைக்கு ஆகட்டும். முரட்டுக் காகித உறையை எடுத்துவிட்டு நிலைமின்சாரம் தடுக்கும் பாலித்தீன் உறை போட்டால் பாதித் தொல்லை குறையும். தட்டை விளிம்பில் பிடித்து மெதுவாக உருவ வேண்டும். அடுத்தது கார்பன் இழை பிரஷ். அதன் உலோகப் பிடியில் விரல் பட்டிருந்தால்தான் மின்னேற்றம் உடல் வழியாக இறங்கும். சுழலும் தட்டில் இழைநுனி மட்டும் படும்படி இரண்டு மூன்று சுற்று பிடித்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் மின்னேற்றம் கூடத்தான் செய்யும். துணி விரிப்புக்குப் பதிலாகத் தக்கை அல்லது தோல் விரிப்பு நல்லது. பிரிட்டனில் 1970-களில் வந்த 'ஜீரோஸ்டாட்' துப்பாக்கி, கேஸ் அடுப்பு லைட்டரில் இருப்பது போன்ற படிகத்தால் அயனிகளை உண்டாக்கித் தட்டை நடுநிலையாக்கும். விசையை மெதுவாக அழுத்த வேண்டும். வேலை செய்யும் கருவிதான். ஆனால் உறை மாற்றாதவருக்கு அது வீண் செலவு.

நன்றாக அழுக்கேறிய தட்டை ஈரமாகக் கழுவுவதே சிறந்த வழி. ஆழ்துளைக் கிணற்று நீர் கூடாது. அதிலுள்ள உப்பு வரிப்பள்ளத்தில் படிந்துவிடும். லாரி பேட்டரிக்கு ஊற்றக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் போதும். மணமில்லாத திரவ சோப்பு ஓரிரு சொட்டு விட்டு, மென்மையான துணியால் வரியோட்டமாகத் துடைத்து, மறுபடி வெறும் வடிநீரால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக் கூடாது. வினைலுக்கென்று விற்கும் ஆல்கஹால் கலந்த திரவத்தை 78 தட்டில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும், கரைந்த பாட்டு திரும்ப வராது.