மூணு தடவை ஏன் ரத்தம் எடுக்கறாங்க?

கலவையிலிருந்து ஆற்காடு வழியா வேலூர் போய் வந்த பெரியம்மா, திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்டது இதுதான்: "ஒரு ஊசி போட்டுட்டு மூணு தடவை ரத்தம் எடுத்தாங்கப்பா. ஒரு தடவை பத்தாதா?"

நியாயமான கேள்வி. தைராய்டுக்கு ஒரு குழாய் ரத்தம் போதும். கார்டிசால் வேற மாதிரி. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அதைக் காலையில் நிறைய, ராத்திரியில் மிகக் கொஞ்சமாகச் சுரக்கிறது. அளவு நடுத்தரமாக வந்தால், சுரப்பி நல்லா இருக்கா, இல்லை முழு மூச்சாக உழைத்தும் அவ்வளவுதான் முடியுதா என்று தெரியாது. சும்மா நிற்கிற மாட்டைப் பார்த்து அது பாரவண்டி இழுக்குமான்னு சொல்ல முடியுமா? மேட்டில் ஏற்றிப் பார்க்கணும்.

அந்த மேடுதான் ஊசி. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பித்தான் அட்ரீனலை வேலை வாங்குகிறது. அதன் செயற்கை வடிவத்தை 250 மைக்ரோகிராம் செலுத்தி, ஊசிக்கு முன், 30 நிமிடம், 60 நிமிடம் என ரத்தம் எடுப்பார்கள். கார்டிசால் டெசிலிட்டருக்கு 18 மைக்ரோகிராமைத் தாண்டினால் சரி என்பது பழைய கணக்கு. புதிய பரிசோதனை முறைகளில் எல்லை இன்னும் கீழே. இந்த மருந்து இந்தியாவில் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் பல இடங்களில் ஆக்டன் புரோலாங்காட்டம் என்ற, மெதுவாக வேலை செய்யும் ஏசிடிஎச் ஊசியைத் தசையில் போட்டுச் சமாளிக்கிறார்கள். ரத்தம் எடுக்கும் நேரமும் அதற்கேற்ப மாறும்.

ஒரு ஓட்டை உண்டு. பிட்யூட்டரி போன வாரம்தான் கெட்டது என்றால், அட்ரீனல் இன்னும் சுருங்கியிருக்காது. ஊசிக்கு ஒழுங்காகவே பதில் சொல்லிவிடும். அப்போது இன்சுலின் கொடுத்து சர்க்கரையை 40க்குக் கீழே இறக்கி, மூளையிலிருந்தே உத்தரவு வருதா என்று பார்ப்பார்கள். பக்கத்தில் டாக்டர் நிற்கணும். வலிப்பு, இதய நோய் உள்ளவங்களுக்கு இது கூடாது.

சுரப்பி ஏன் கெடுகிறது? 1855இல் தாமஸ் அடிசன் விவரித்த அட்ரீனல் நோயில் காசநோய்க்குப் பெரிய பங்கு. நம்ம நாட்டில் இன்றும் அதை மறக்க முடியாது. பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனால் பிட்யூட்டரி பாதிக்கலாம். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களுக்கும் அப்படி ஆனதுண்டு. வயல்காட்டு ஊர்க்காரங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

ஆனால் அதிகம் பார்ப்பது ஸ்டீராய்டு மாத்திரையால் வருவது. தோல் பதனிடும் வேலையில் குரோமியம் பட்டு வரும் அரிப்பு, மூட்டு வலி, இழுப்பு எல்லாத்துக்கும் "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை" கேட்டு வாங்குவது நம்ம பக்கத்தில் சகஜம். வெளியிலிருந்தே வருதேன்னு பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும், அட்ரீனல் தூங்கிவிடும். பெரியம்மா மூட்டு வலிக்கு இரண்டு வருஷம் போட்டதை, உடம்பு ஊதுதேன்னு ஒரே நாளில் நிறுத்தினார். பத்தாம் நாள் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் கீழே. ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி சரியான நேரத்தில் கிடைத்ததால்தான் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்.

பிரெட்னிசொலோன் கார்டிசால் அளவையே கூட்டிக் காட்டக்கூடும். அதனால் என்ன மாத்திரை, எப்போ கடைசியாகப் போட்டது என்று டெஸ்டுக்கு முன்னாடியே டாக்டரிடம் சொல்லணும். தானாக நிறுத்தவே கூடாது.

பெரியம்மாவின் அட்ரீனல் அரைத்தூக்கத்தில் இருக்காம். மாத்திரையை மெல்லக் குறைத்துக்கொண்டே மூணு மாசம் கழித்து மறுபடி போகணும்.

"அப்பவும் மூணு தடவையா?"

ஆமாம் பெரியம்மா.