உயரத்தால் உயிர்வாழும் பனி

கிரீன்லாந்தின் நடுவே பனி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தடிமனுக்குக் குவிந்து கிடக்கிறது. உச்சியில் நடுக்கோடையிலும் பெரும்பாலும் உறைகுளிர்தான். துருவத்தை ஒட்டிய இடம் என்பதோடு, உயரமும் அதற்குக் காரணம். மேட்டுப்பாளையத்தில் வியர்வையோடு பஸ் ஏறியவர் ஊட்டியில் இறங்கியதும் ஸ்வெட்டரைத் தேடுவாரே, அதே கணக்கு: ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஊட்டிக்கு அந்த உயரத்தைத் தருவது பாறை. கிரீன்லாந்து உச்சிக்கு அதைத் தருவது பனியேதான்.

சிக்கல் இங்கேதான். பனி உருகினால் மேற்பரப்பு தாழும். தாழ்ந்த இடத்தில் காற்றின் சூடு அதிகம். அதனால் மேலும் உருகும், மேலும் தாழும். விளைவே திரும்பிவந்து காரணத்துக்கு வலுவூட்டும் இந்தச் சுழலுக்குப் பெயர் பின்னூட்டம். நிறமும் இதற்குத் துணைபோகிறது. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பியனுப்பிவிடும். நனைந்து மங்கிய பனி அதிகம் உறிஞ்சும்.

ஒரு வரம்புக்குப் பிறகு உருகல் தானாகவே தொடரும். வெப்பநிலை அதற்குமேல் ஏறாமல் நின்றாலும் பனி நிற்காது. அதுவே திருப்புமுனை. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட உலகம் சுமார் 1.5 டிகிரி சூடானால் கிரீன்லாந்து அதை எட்டலாம் என்பது 2022-இல் வெளியான ஒரு மதிப்பீடு. முழுதும் உருகப் பல நூற்றாண்டுகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகும். உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். பிறகு பழைய வெப்பநிலைக்குத் திரும்பினால் மட்டும் போதாது. தாழ்வான வெற்றுப் பாறையில் விழும் பனி கோடையைத் தாண்டி நிற்காது. இன்னும் குளிர வேண்டும்.

கிரீன்லாந்தில் பனி இல்லாமல் போவது கற்பனையில்லை. 1966-இல் அங்கே கேம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க ராணுவ முகாமில் 1.4 கிலோமீட்டர் பனியைத் துளைத்து அடிமண்ணை எடுத்தார்கள். அது உறைபெட்டியில் பல பத்தாண்டுகள் மறந்து கிடந்தது. பின்னர் அதைக் கரைத்துப் பார்த்தபோது சுள்ளிகளும் இலைத்துணுக்குகளும் பாசியும் கிடைத்தன. சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் பனி இல்லை. அன்று காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு; இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

ஆனால் பனி மெதுவாக உருகுவதால் நமக்குச் சற்று அவகாசமும் இருக்கிறது. வரம்பைக் கடந்துவிட்டாலும், சில நூற்றாண்டுகளுக்குள் வெப்பநிலையைப் போதிய அளவு கீழே கொண்டுவந்தால் பேருருகலைத் தவிர்க்கலாம் என்று 2023-இல் வெளிவந்த கணினி மாதிரி ஆய்வு காட்டுகிறது. எவ்வளவு தாண்டுகிறோம், எத்தனை காலம் அங்கேயே நிற்கிறோம் என்ற இரண்டையும் பொறுத்தது அது.