கோழி எருவும் நீர்க்கடுப்பும்

போன சித்திரையில் வீட்டம்மாவுக்கு நீர்க்கடுப்பு. வெயில் சூடு என்று நினைத்து நீர்மோரும் வெந்தயமும் கொடுத்தோம், கேட்கவில்லை. மருந்துக்கடையில் சொல்லி, சீட்டில்லாமல் சிப்ரோ மாத்திரை வாங்கி வந்தேன். அது என் தப்பு. மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல், விலாவில் வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

யூரின் கல்ச்சர் முடிவு வந்தது. கிருமி ஈகோலை. மருந்துப் பெயர்களுக்கு எதிரே ‘ஆர்’, ‘ஆர்’ என்று வரிசை. ‘ஆர்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகாது. சிப்ரோவும் அதில் இருந்தது. வங்கியில் வராக்கடன் பட்டியல் பார்த்த காலத்தில்கூட வயிறு இப்படிக் கலங்கியதில்லை. நைட்ரோஃபியூரன்டாயின் மாத்திரைக்கு ‘எஸ்’தான், ஆனால் அது மூத்திரப்பையோடு சரி, சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு உதவாது என்றார் டாக்டர். ஏழு நாள் அமிகாசின் ஊசி போட்டார்கள். அதுவே சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் நடுவில் ரத்தப் பரிசோதனை வேறு.

வீடு திரும்பிய பிறகுதான் என் தோட்டத்து எருக்குவியல் உறுத்தியது. இரண்டு வருஷமாகப் பக்கத்து பிராய்லர் பண்ணையிலிருந்து டிராக்டரில் கோழி எரு வாங்கிக் கீரைப்பாத்திக்குப் போடுகிறேன். யூரியா கிடையாது, ‘நஞ்சில்லாக் கீரை’ என்று சொல்லித்தான் விற்பனை. பண்ணைக்காரரிடம் என்ன மருந்து என்று கேட்டேன். “கம்பெனிக்காரங்க குடுக்கறாங்க, தண்ணியில கலக்கறோம், பேரெல்லாம் தெரியாது சார்” என்றார். காலி பாட்டிலைப் பார்த்தேன்: என்ரோஃப்ளாக்சசின். சிப்ரோவுக்கு உடன்பிறப்பு, கோழியின் உடம்பில் ஒரு பங்கு சிப்ரோவாகவே மாறிவிடும். இந்தக் காரணத்தால்தான் அமெரிக்கா 2005-லேயே கோழிக்கு அதைத் தடை செய்தது. நம் நாட்டில் 2019-ல் கோலிஸ்டின் என்ற மருந்துக்குக் கால்நடையில் தடை வந்தது. வேறு எதுவும் கேட்காதபோது மனிதருக்குக் கடைசியாகப் போடுகிற மருந்து அது!

களைக்கொல்லிக்குச் சாகாத களை எப்படி வயலைப் பிடிக்கிறதோ, அதே கதைதான். மருந்துக்குத் தப்பிய கிருமி குடலில் பெருகி எச்சத்தோடு வெளியே வருகிறது. தாங்கும் திறனைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றும். களைக்குக்கூட அந்த வித்தை தெரியாது.

வீட்டம்மாவுக்கு வந்த கிருமி இந்த எருவிலிருந்துதான் வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. நான் வாங்கிக் கொடுத்த மாத்திரைகளுக்கும் பங்கிருக்கலாம். ஆனால் பச்சைக் கோழி எருவைக் கீரைக்குப் போட இனி கை வராது.

மீதியிருந்த குவியலை வைக்கோலோடு அடுக்கி மக்க வைத்தேன். உள்ளே 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். இப்படிச் செய்தால் கிருமிகள் பெரும்பாலும் சாகும். தாங்கும் திறனுக்கான மரபணு முழுக்க அழியும் என்று சொல்வதற்கில்லை. அதனால் அதையும் தென்னைக்குத்தான் வைத்தேன். கீரைக்கு நம் மாட்டு எருவும் கொழிஞ்சித் தழையும்தான். கட்டு சிறுத்துவிட்டது. வாடிக்கையாளர் ஒருத்தர் ஏன் என்று கேட்டார். பட்டியலில் இருந்த ‘ஆர்’ முதல் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கட்டு கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார்.