தந்திக்குப் பின் வந்த கடிதங்கள்



பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் வந்துவிட்டால் நம் சேலம், நாமக்கல் பகுதிகளில் பெட்டியும் பக்கெட்டுமாகப் பிள்ளைகள் விடுதிக்குப் புறப்படுகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் லாரியில் போகிறவர்கள் மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் தங்குகிறார்கள். ஒரு வீட்டில் மகள் கல்யாணமாகிப் போகிறாள். இன்னொரு வீட்டில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறது. வேறொரு வீட்டில் துக்கம். இப்படி வாழ்க்கை திரும்புகிற வேளையில் நம்மால் என்ன செய்ய முடியும் என்று பலரும் தயங்குகிறோம். கையால் எழுதிய ஒரு சிறிய கடிதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு நம் கொல்லிமலையிலேயே சான்று உண்டு.

ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி தம்பதியர் 1913ஆம் ஆண்டு திருமணமாகிக் கொல்லிமலைக்குச் சென்றார்கள். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. அன்று நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். ஜெஸ்ஸி பட்டம் பெற்ற டாக்டர் அல்லர்; ஓராண்டு மருத்துவப் பயிற்சி மட்டும் பெற்றவர். அதை வைத்துக்கொண்டே காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், நரம்புச் சிலந்திப் புழுவை உருவி எடுத்தார். 1914இல் மகன் பால் பிறந்தான். பின்பு மகள் கோனி பிறந்தாள்.

1923இல் பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக இங்கிலாந்தில், தாயின் சகோதரிகள் வீட்டில் விடப்பட்டார்கள். பாலுக்கு அப்போது 9 வயது. பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். அதன்பின் அந்தச் சிறுவனுக்குத் தகப்பன் என்றால் கடிதம்தான். ஜெஸ்ஸி தவறாமல் எழுதினார். கொல்லிமலையின் மரங்களையும் பறவைகளையும் பூச்சிகளையும் பற்றி விவரமாக எழுதினார். அவற்றைப் படைத்தவரின் அன்பையும் எழுதினார்.

1929 ஜூன் 15ஆம் தேதி ஜெஸ்ஸி தமது 44ஆம் வயதில் மரித்தார். மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. தந்தி உடனே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. கப்பல் தபாலோ வாரக்கணக்கில் போக வேண்டும். ஆகவே தகப்பன் இறந்தார் என்று தெரிந்த பிறகும் அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் அந்த 14 வயதுப் பிள்ளைக்கு வந்துகொண்டிருந்தன.

அந்தக் கடிதங்கள் எதுவும் கடைசிக் கடிதம் என்று எண்ணி எழுதப்பட்டவை அல்ல. வழக்கமான ஒரு நாளில், கண்ணில் பட்டதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதப்பட்டவை. முன்னரே எழுதியிருந்ததால் ஆறுதல் தேவைப்பட்ட நாளில் அவை கைக்கு வந்தன. நல்ல வார்த்தை கிடைக்கட்டும், ஓய்வு கிடைக்கட்டும் என்று அவர் காத்திருந்தால் தந்தி மட்டுமே வந்திருக்கும். பிள்ளை பின்னாளில் டாக்டர் பால் பிராண்ட் ஆனார். 1946இல் வேலூர் வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் வேலை செய்ய வைத்தார்.

போனில் பேசினால் போதாதா என்று கேட்கலாம். பேசுவதும் நல்லதுதான். ஆனால் பேச்சு முடிந்துவிடும். கடிதம் தலையணைக்கடியில் இருக்கும். தூக்கம் வராத இரவில் மறுபடி படிக்கலாம். பல விடுதிகளில் பிள்ளைகள் கைபேசி வைத்துக்கொள்ளவும் அனுமதியில்லை. மேலும், கையெழுத்தைப் பார்த்தவுடன் ஆளே வந்ததுபோல் இருக்கிறது. பவுல் அப்போஸ்தலனும் பிறரைக்கொண்டு எழுதுவித்த நிருபங்களில் சிலவற்றின் முடிவில் தன் கையாலேயே வாழ்த்து எழுதியதைக் குறிப்பிடுகிறார்.

எப்படி எழுதுவது? சில யோசனைகள்:

விடுதிப் பிள்ளைக்கு: மார்க்கைப் பற்றி எழுதாதீர்கள், அதைக் கேட்க அங்கே ஆட்கள் உண்டு. ஆடு குட்டி போட்டதை, கிணற்றில் தண்ணீர் ஏறியதை, தம்பி செய்த சேட்டையை எழுதுங்கள். வீடு தன்னை மறக்கவில்லை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

நோயாளிக்கு: நான்கைந்து வரி, பெரிய எழுத்தில் போதும். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பதைவிட "வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாடு கொண்டுவருகிறேன்" என்பது உதவும். பதில் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

துக்க வீட்டாருக்கு: வந்த உறவினர்கள் கலைந்து, வீடு வெறிச்சோடிய பிறகு கடிதம் போய்ச் சேரட்டும். ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார் என்று விளக்கம் சொல்லப் புகாதீர்கள். மரித்தவரின் பெயரைச் சொல்லி, அவர் உங்களுக்குச் செய்த ஒரு நன்மையை எழுதுங்கள். வீட்டார் அறியாத காரியமாக அது இருக்கக்கூடும்.

புது வீடு போன மகளுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கும்: புத்திமதி வேண்டாம். அவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொன்னால் போதும்.

எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதலாம். பாட்டி சொன்ன பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதட்டும். அடியில் பாட்டியின் கைநாட்டு இருக்கட்டும்.

தபால் கார்டும் இன்லேண்ட் லெட்டரும் இன்றும் அஞ்சலகத்தில் கிடைக்கின்றன. திருப்பத்தில் நிற்கிற ஒருவரின் பெயர் இதை வாசிக்கும்போதே உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். மேலே தேதி போட்டு, இந்த வாரமே அவருக்கு எழுதிவிடுங்கள்.