ஆர்க்கிட் செடியில் பக்கக் கன்று வரவழைக்கும் முறை

துவரையிலும் பருத்தியிலும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் செழித்து வருமென்பது குடியானவர்கள் யாவரும் அறிந்த விஷயம். வாழையோ தானாகவே கன்று ஈனும். ஆனால் நல்ல விலைபோகும் பெலனாப்சிஸ் என்னும் ஆர்க்கிட் வகைக்கு இவ்விரு வசதியும் இல்லை. அதற்குத் தண்டும் ஒன்றே, குருத்தும் ஒன்றே. குருத்தைக் கிள்ளினாலும், அதில் நீர் தேங்கி அழுகினாலும் பெரும்பாலும் செடியே போய்விடும். விதையிலிருந்து வளர்த்தாலோ தாயின் பூவே கிடைக்குமென்ற நிச்சயமில்லை. ஆகையால் நல்ல செடி கைவசம் இருக்கும்போதே அதிலிருந்து ஒரு கன்று எடுத்து வைத்துக்கொள்வது உசிதம்.

நுனிக் குருத்தில் உண்டாகும் ஆக்ஸின் என்னும் ஹார்மோன் கீழ்நோக்கி இறங்கிப் பக்க மொட்டுகளை உறங்கச் செய்கிறது. நுனியை நீக்கிய அவரையினச் செடியில் ஆக்ஸினை வைத்தால் மொட்டுகள் விழிப்பதில்லை என்று 1933-இல் திமான், ஸ்கூக் என்போர் காட்டினர். 1955-இல் மில்லர், ஸ்கூக் முதலியோர் கைனெடின் என்னும் பொருளைக் கண்டனர். இது சேர்ந்த சைட்டோகைனின் வர்க்கம் உறங்கும் மொட்டை எழுப்ப வல்லது. இளநீரிலும் இவ்வினப் பொருள் உண்டு. எனினும் அதைக் கணுவில் தடவுவதால் பூஞ்சணமும் எறும்பும் வருமேயன்றிப் பயன் எதிர்பார்ப்பதற்கில்லை.

இதற்கென ஆட்டுரோமக் கொழுப்பாகிய லனோலினில் பென்சைல் அடினின் கலந்த பசை விற்கப்படுகிறது. கெய்கி பசை என்பது அதன் பெயர். ஹவாய் மொழியில் கெய்கி என்றால் குழந்தை.

பிரயோகிக்கும் முறை: பூக்கள் வாடத் தொடங்கியும் மலர்த்தண்டு பச்சையாயிருக்கும் சமயமே தகுந்தது. தண்டின் அடிப்பக்கத்துக் கணு ஒன்றைத் தெரிந்தெடுக்கவேண்டும். மேற்கணுக்களில் கன்றுக்குப் பதிலாகப் பூங்கிளையே வருவதுண்டு. தீயில் காட்டி ஆறவைத்த கூரிய கத்தியால் கணுவை மூடிய செதிலைக் கீறி, உள்ளிருக்கும் மொட்டுக்குக் காயமின்றி அகற்றவேண்டும். பிறகு தீக்குச்சித் தலையளவுக்கு மேற்படாமல் பசையை மொட்டின்மீது தடவவேண்டும். சில வாரங்களில் மொட்டு பருக்கும். இலைகளும் வேர்களும் தோன்றப் பல மாதங்கள் செல்லும். இரண்டு மூன்று இலைகளும், இரண்டு அங்குல நீளமுள்ள வேர்களும் வந்தபின், கன்றைத் தண்டின் சிறு துண்டுடன் அறுத்து, தேங்காய்மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் நிரப்பிய சிறு தொட்டியில் நடலாம்.

ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய அம்சங்கள் மூன்று. முதலாவது, பசை எருவன்று. இலை சுருங்கி வேர் அழுகிய செடியில் தடவினால், கன்று தாயின் எஞ்சிய சத்தையும் இழுத்துக்கொள்ளும், இரண்டும் நஷ்டமாகலாம். இரண்டாவது, அதிகம் தடவினால் அதிகக் கன்று கிடைக்குமென்பது தவறு. மொட்டு கோணலாகித் திரண்டு, வேர்விடுவதும் தடைப்படும். செடிக்கு ஒரு கணுவே போதும். மூன்றாவது, தாய்க்குள்ள வைரஸ் நோய் கன்றுக்கும் வரும். அது கத்தியின் மூலமும் பரவும். ஆதலால் இலையில் சந்தேகமான கோடோ புள்ளியோ கண்ட செடியில் கன்று எடுக்கலாகாது. செடிக்குச் செடி கத்தியைத் தீயில் காட்டத் தவறலாகாது.

புதிதாக இம்முறையைக் கையாளுவோர், தோட்டத்துச் செடிகள் எல்லாவற்றிலும் ஒரேயடியாகப் பசை தடவாமல், திடமான ஒரு செடியில் முதலில் செய்துபார்ப்பது நலம். அந்தக் கன்று வேரூன்றி நின்றபின், தாய்ச்செடியை இழக்க நேர்ந்தாலும் அதன் வம்சம் அற்றுப்போகாது.