ஒரே மருந்துக்குப் பல நிறங்கள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் முரசுமோட்டையிலும், பிரஷர் குளிசை முதியோரின் நித்திய துணையாகிவிட்டது. சென்ற மாதம் வெள்ளையாய் வட்டமாயிருந்த குளிசை இந்த மாதம் பச்சையாய் நீண்டிருக்கக் கண்டதும், "மருந்தை மாத்திப்போட்டினம்" என்று ஐயுற்று, பைக்கற்றைப் பிரிக்காமலே கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடும் ஆச்சிமார் உண்டு. அந்த ஐயத்தைப் பேதைமை என்று தள்ளுவது நியாயமன்று. அதன் காரணம் உலக மருந்துச் சந்தையின் சரித்திரத்தில் இருக்கிறது.

புதிய மருந்தொன்றைக் கண்டுபிடித்தவருக்கு விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டுகள் ஆக்கவுரிமை உண்டு. அக்காலம் முழுதும் பிறர் அதனைச் செய்யலாகாது. விலையை அவரே விதிப்பார். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததன் பயனாய்த் தோன்றி, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரஷர் மருந்தாகிய கப்டோபிரிலும், பின்வந்த அம்லோடிபின், லொசாட்டன், வல்சாட்டன் முதலியனவும் இவ்வாறே ஏகபோகமாய் விற்கப்பட்டன. அமெரிக்காவில் 2007இல் அம்லோடிபினுக்கும், 2010இல் லொசாட்டனுக்கும், 2012இல் வல்சாட்டனுக்கும் அந்தத் தனியுரிமை முடிவுற்றபின், பற்பல கம்பனிகள் அவற்றைத் தத்தம் நிறத்திலும் வடிவத்திலும் செய்யத் தொடங்க, விலையும் வீழ்ந்தது. இந்தியாவோ 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருந்துப் பொருளுக்கன்றிச் செய்முறைக்கு மட்டுமே உரிமை வழங்கியிருந்தமையால், அங்குள்ளோர் மேலைநாடுகளில் உரிமை முடியுமுன்னரே வேறு வழியில் இவற்றைச் செய்து மலிவாய் விற்றனர்.

ஆயினும் மலிவு தானாக ஏழையின் வாசலுக்கு வந்துவிடுவதில்லை. இதனைத் தீர்க்கதரிசனத்துடன் உணர்ந்தவர் இலங்கையின் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் தயாரித்த அறிக்கையின் பேறாக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்து, உலகச் சந்தையில் கேள்விமனு கோரி, மொத்தமாய் வாங்கும் வழக்கம் நிலைபெற்றது. வர்த்தகப் பெயர்களின் ஆரவாரத்தை ஒதுக்கி, மருந்தின் சொந்தப் பெயரையே முன்வைத்த அப்பெருந்தகை 1977இல் கயானாவில் காலமானார். நமது அரச வைத்தியசாலைகளில் இன்று இலவசமாய்க் கிடைக்கும் பிரஷர் குளிசைக்குப் பின்னால் அவரது உழைப்பு இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். 2016இல் 48 மருந்துகளுக்கு அரசு உச்ச விலை விதித்ததும் அந்த மரபின் தொடர்ச்சியே. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோதோ, மலிவான மருந்தைக்கூட வாங்க வழியின்றி வைத்தியசாலைகள் தவித்தன.

மலிவுக்குக் காவலும் வேண்டும். சீனத் தொழிற்சாலையொன்றின் வல்சாட்டன் மூலப்பொருளில் புற்றுநோய் விளைக்கக்கூடிய மாசு கலந்திருந்தமை 2018இல் வெளியாகி, பல நாடுகள் அதனைத் திருப்பியழைக்க நேர்ந்தது. ஆதலின், வாங்கும் சரக்கைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடங்களுக்குச் செலவிடும் பணத்தை அரசு ஒருபோதும் குறைத்தலாகாது.

குளிசையின் நிறம் மாறினால் மருந்து மாறிவிட்டதென்று தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். இரத்த அழுத்தம் சத்தமின்றி ஏறிப் பாரிசவாதத்தில் கொண்டுபோய் விடலாம். மருந்தின் சொந்தப் பெயரையும் அளவையும் கொப்பியில் தெளிவாய் எழுதித் தரும்படி வைத்தியரைக் கேளுங்கள். பைக்கற்றில் அந்தப் பெயரே இருக்கிறதா என்று, வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையைக் கொண்டாவது ஒவ்வொரு மாதமும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் வேறாயிருந்தால், அங்கேயே நின்று மருந்து கொடுப்பவரிடம் கேளுங்கள்.