இடிந்த சுவரும் இடியாத சுவரும்

புதுச்சேரி மிஷன் வீதியில் வானளாவ நிற்கிறது ஒரு மாதா கோவில். ஊர் மக்கள் அதைச் "சம்பா கோவில்" என்பார்கள். புனித பவுலின் பெயரைப் போர்த்துக்கீசியர் "சான் பாலோ" என்றனர். அதுவே நம் மக்கள் வாயில் "சம்பா" ஆகிவிட்டது.

இன்று அந்தக் கோவிலுக்குள் குறுக்குச் சுவர் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது!

அப்போது அங்கு இருந்தது பழைய கோவில். உள்ளே ஒரு சுவர். சுவருக்கு ஒரு பக்கம் உயர் சாதிக் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள். சாமி ஒன்று, பூசை ஒன்று, நடுவே மட்டும் சுவர்!

டைரி சொல்லும் கதை

இதை எழுதி வைத்தவர் ஒரு கிறிஸ்தவர் அல்ல. புகழ் பெற்ற வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை ஊரில் நடந்தவற்றை அவர் நாட்குறிப்பாக எழுதி வந்தார்.

1745-ம் ஆண்டு அக்டோபர் மாதம். காரைக்காலில் இருந்து ஒரு பாதிரியார் புதுச்சேரிக்கு வந்தார். அவர் வந்த சமயத்தில், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒன்று கூடிப் பெரிய பாதிரியாரிடம் முறையிட்டனர். "நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே? எங்களுக்கு மட்டும் ஏன் சுவர்?" என்பதே அவர்கள் கேட்டதன் சாரம்.

பெரிய பாதிரியார் யோசித்தார். நியாயம் என்று பட்டது. சுவரை இடிக்கச் சொன்னார். சுவர் விழுந்தது!

உயர் சாதியார் கொதித்து எழுந்தனர். விவகாரம் கவர்னர் டூப்ளே வரை போயிற்று.

ரோமாபுரி வரை போன வழக்கு

அந்தச் சுவருக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு.

உயர் சாதியார் கிறிஸ்தவத்தில் சேர வேண்டுமானால் அவர்களுடைய சாதி வழக்கத்தில் கை வைக்கக் கூடாது என்று சேசு சபைப் பாதிரியார்கள் எண்ணினார்கள். ஞானஸ்நானத்தின்போது எச்சில் தொட்டு வைக்கும் சடங்கைக்கூட விட்டுவிட்டார்கள். தாழ்த்தப்பட்டவர் நோயுற்றுக் கிடந்தாலும் அவர் குடிசைக்குள் பாதிரியார் நுழைய மாட்டார். நுழைந்தால் உயர் சாதியார் விலகிப் போவார்கள் என்ற பயம்.

1703-ம் ஆண்டு நவம்பர் மாதம் போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வந்து இறங்கினார். விசாரணை நடத்தினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயாளி எந்தச் சாதியானாலும் பாதிரியார் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அதில் ஒன்று.

வாதம் 40 ஆண்டுகள் நடந்தது. 1744-ல் 14-ம் பெனடிக்ட் போப்பாண்டவர் அந்த ஆணையை உறுதி செய்தார். ஆனால் ஒரு வழியும் விடப்பட்டது. தாழ்த்தப்பட்டவர்களுக்கு என்று தனிப் பாதிரியார்கள் நியமிக்கப்பட்டனர். சுவர் கல்லில் இல்லை. ஆளில் வந்து நின்றது!

சம்பா கோவில் சுவர் இடிந்தது அதற்கு மறு ஆண்டுதான்.

சுவர் வேறு ஊரில்

1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பழைய கோவில் தரைமட்டமானது. இன்றைய கோவில் 1791-ல் எழுந்தது. கோவில் போயிற்று, கோவில் வந்தது. சாதி மட்டும் போகவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். அங்கே 1872-ல் கட்டிய மாதா கோவிலுக்கு இரண்டு கால்சட்டைக் கால்களைப் போல இரண்டு மண்டபங்கள். சாதிக்கு ஒரு மண்டபம்! 1910-ல் பாதிரியார் தடுப்பை அகற்றினார். உயர் சாதியார் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஐகோர்ட்டு வரை வழக்கு நடந்தது. தடுப்பை மீண்டும் வைக்கக் கேட்டவர்கள் தோற்றார்கள்.

சட்டத்தில் ஒரு கேள்வி

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு கேள்வி வேறு உருவம் எடுத்தது.

1950-ல் ஜனாதிபதி உத்தரவு ஒன்று வந்தது. பட்டியல் சாதியாருக்கான சலுகை இந்துக்களுக்கே என்று பொதுவாக விதித்தது. 1956-ல் சீக்கியரும், 1990-ல் பவுத்தரும் சேர்க்கப்பட்டனர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்து வந்த புதுச்சேரிக்கு 1964-ல் தனி உத்தரவு. அதிலும் கிறிஸ்தவருக்கு இடம் இல்லை.

இதனால் என்ன ஆயிற்று? சென்னைத் தெரு ஓரத்தில் செருப்புத் தைத்த ஒரு தொழிலாளியின் கதையைப் பாருங்கள். 1982-ல் செருப்புத் தொழிலாளருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவருக்குக் கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், இவர் கிறிஸ்தவர்!

தெருவும் அதுதான். தொழிலும் அதுதான். இவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1985-ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கு தள்ளுபடி ஆனது.

மானமா? சோறா?

இங்கேதான் சங்கடம்.

"கிறிஸ்தவத்தில் சாதி இல்லை" என்று சபை பெருமையோடு சொல்லலாம். சொன்னால் ஏழைக்குச் சலுகை இல்லை. "எங்களுக்குள்ளும் சாதிக் கொடுமை உண்டு" என்று ஒப்புக்கொண்டால், சபையின் பெருமை போகிறது.

சாதிச் சான்றிதழ் கேட்பது வேதத்துக்கே விரோதம் என்கிறார்கள் சிலர். இருக்கிற பங்கு குறைந்துவிடுமே என்று ஏற்கனவே சலுகை பெறுவோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சமும் ஏழையின் அச்சமே. "ஞானஸ்நானம் பாவத்தைக் கழுவும், பக்கத்து வீட்டுக்காரன் பார்வையைக் கழுவுமா?" என்று கேட்கிறார்கள் மற்றவர்கள்.

2003-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், புதுச்சேரி உள்ளிட்ட தமிழ்ப் பகுதிப் பிஷப்புகளை ரோமில் சந்தித்தார். கிறிஸ்தவருக்குள் சாதி வேற்றுமையின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று அறிவுறுத்தினார். 2016-ல் இந்தியக் கத்தோலிக்கப் பிஷப்புகள், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களை முன்னேற்ற ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டனர்.

அரசு அமைத்த நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா கமிஷன், மதத் தடையை நீக்கலாம் என்று 2007-ல் சிபாரிசு செய்தது. 2022-ல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் அமைக்கப்பட்டது.

சட்டம் எதைக் கொடுக்கும், எதை மறுக்கும் என்பது அரசின் கையில் இருக்கிறது. ஆனால் பூசைக்கு வந்தவர் பக்கத்தில் உட்காருவதற்கும், அவர் வீட்டில் பெண் எடுப்பதற்கும், அவர் பிணத்துக்குத் தோள் கொடுப்பதற்கும் எந்தக் கமிஷனும் தேவை இல்லை.

1745-ல் சுவரை இடித்தவர்கள் கோர்ட்டு உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. சில ஏழைகள் கேட்டார்கள். ஒரு பாதிரியார் காது கொடுத்தார். அவ்வளவுதான்!